எட்டு நாள் காய்ச்சல்

"எம் மக அப்படியே என் குரல்ல பேசுறாக்கா."

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பட்டாசு கம்பெனிப் பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"நல்லதுதானே."

"என்னத்த நல்லது! கம்பெனிக்குள்ள செல்லு கொண்டு போகக் கூடாதுன்னு வீட்லயே வச்சுட்டு வாரேன். இவ பள்ளிக்கூடம் போகாம, அதுல பாம்பு கேம் வெளையாண்டுக்கிட்டு கெடந்திருக்கா. டீச்சர் போன் போட்டா, நான் பேசுற மாதிரியே 'பிள்ளைக்குக் காய்ச்சல்'னு சொல்லியிருக்கா. எட்டு நாளா!"

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நேத்து சந்தையில டீச்சரே என்னைப் பாத்து, 'காய்ச்சல் விட்டுருச்சா?'ன்னு கேட்டாக. மானக்கேடாப் போச்சுக்கா."

"நீ என்ன சொன்ன?"

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"'இன்னும் விடலை டீச்சர்'னு சொல்லிட்டேன்."