பெங்காலி ரொட்டி நுழையும் டோஸ்டர்

மலேசியாவில், மூவார் நகரின் ஒரு மின்சாதனக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எதை வாங்கினாலும் மேசையில் செருகி, வேலை செய்கிறதா என்று காட்டிய பிறகுதான் அங்கே பெட்டியை ஒட்டுவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். டோஸ்டர் வாங்க வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

“ரொட்டிய நான் வீட்லேருந்தே கொண்டாந்துட்டேன் லா.”

“அலமாக்! எதுக்குடி?” என்றாள் தோழி.

“பெங்காலி ரொட்டி, தடிமனா வெட்டினது. என் மாமியாருக்கு இதுதான் பிடிக்கும். பாமா வாங்கின டோஸ்டர்ல இது நல்லா நுழையுதாம்.”

“யாரு, உன் ஓரகத்தியா?”

“அவளேதான். கல்யாணம் ஆனதுலேருந்து மாமியாருக்கு நான்தான் தோசை சுட்டுப் போடுறேன். அவ வீட்ல போயி ரெண்டு நாள் தங்கிட்டு வந்தாங்க. இப்ப வாயத் தொறந்தா சின்னவ வீட்டு ரொட்டிதான்.”

கடைக்காரர் ரொட்டியை உள்ளே இறக்கினார். உரசாமல் போயிற்று. சற்று நேரத்தில் சிவந்து மேலே எழும்பியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெந்திருக்கு. நீ கொஞ்சம் தின்னு பாரு.”

தோழி ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டாள். அவளைத் தேற்ற நினைத்தாள் போலிருக்கிறது.

“சத்தியமா சொல்றேன், பாமா வீட்டு ரொட்டியவிட இதுதான் மொறுமொறுன்னு இருக்கு.”

பணப்பையைத் திறந்த கை அப்படியே நின்றது.

“நீ எப்ப அவ வீட்ல சாப்பிட்ட?”