கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

— அது எனக்க மோளு வருக விமானம். நீங்க எதுக்கு இங்க வந்து நிக்கிய, மைதீன் பிச்சை சாயிபு?

— எம் மவனும் அதே விமானத்துலதான வாரான், எலிசா டீச்சரே. ஒங்க மவளக் கட்டினவன் தனி விமானத்துலயா வருவான்?

— ஆர்ஷா என்னைய மட்டும்தான் விளிச்சா. “அம்மா ஏர்போர்ட்டுக்கு வரணும், கேட்டோ”ன்னு.

— நிஸ்தாரு என்னைய மட்டும்தான் கூப்பிட்டான். “வாப்பா, வெளிய கம்பிகிட்ட நில்லுங்க, கண்டிப்பா வரணும்”னான். நீங்க வருவியன்னு மூச்சு விடல.

— சொல்லியிருந்தா வந்திருப்பியளா?

— மாட்டேன்.

— நானும் வந்திருக்க மாட்டேன். அது தெரிஞ்சுதான் ரெண்டும் சொல்லல்ல.

— தள்ளி நிக்கட்டுமா? வேணும்னா அந்தத் தூணுக்கு அங்கிட்டுப் போறேன்.

— நில்லுங்க. இந்தக் கம்பி எங்க சபைக்க சொத்து ஒண்ணும் இல்லல்லா.

— அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

— தோஹா விமானம் எறங்கியாச்சு. பெட்டி வரணும், சீல் குத்தணும். கொஞ்சம் நேரம் ஆவும்.

— கையில என்ன பையி, டீச்சரே?

— முந்திரிக்கொத்து. நைலாவுக்கு.

— பால்பல்லு விழுத பிள்ளைக்கு முந்திரிக்கொத்தா? கடிச்சிருமா அது?

— எனக்க மோளுக்க பிள்ளையாக்கும். கடிக்கும்.

— நான் ஒண்ணும் கையில கொண்டாரல. எங் கடையில இருந்து ஒரு குட்டி நாற்காலி எடுத்தாந்து வீட்டுல போட்டிருக்கேன். ரோஸ் கலரு. பிள்ள வந்தா உக்காரும்லா.

— பிள்ள உங்க வீட்டுக்கு எதுக்கு வருகு? நேரா நந்தன்கோட்டுக்குத்தான். மீன்கறி வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

— மணக்காட்டுல மட்டும் வீடு இல்லையா? சோறு இல்லையா? எம் மவனுக்க பிள்ள அது. சொல்லுங்க, நைலான்னு பேரு வச்சது யாரு?

— உங்க மகன்தானே?

— ஒங்க மவளா இருக்கும்னுல்லா நான் நெனச்சேன். கேக்க எங்காளுக பேரு மாதிரி இருக்கு. ஆனா எங்க வம்சத்துல ஒருத்திக்கும் அந்தப் பேரு கெடையாது.

— பைபிள்லயும் இல்ல. தேடிப் பாத்தாச்சு.

— அப்போ ரெண்டு பேருக்கும் இல்லாத பேராப் பாத்து வச்சிருக்கானுவ. அது கெடக்கட்டும். பிள்ள எங்க வீட்டுக்கு வந்தா ஒங்களுக்கு என்ன?

— உள்ளதச் சொல்லட்டா? பேடி.

— என்னத்துக்குப் பயம்? வாளியும் மக்கும் விக்கிற கெழவன்கிட்டயா?

— உங்களயில்ல. உங்களுக்க ஆளுகள. தெனம் காலையில பத்திரிகை விரிச்சா அங்க குண்டு, இங்க கத்தி. நான் தனியா இருக்கியவ. வாசிச்சு வாசிச்சு நெஞ்சு அடிக்கும்.

— நானும் தனியா இருக்கவன்தான். நானும் அதே பத்திரிகையத்தான் வாசிக்கேன். எனக்கும் அடிக்கும். வேற மாதிரி அடிக்கும். “படச்சவனே, இவன் எங்க பேருக்காரனா இருக்கக் கூடாதே”ன்னு அடிக்கும். பிரான்சுல ஒருத்தன் லாரிய ஏத்திக் கொன்னான்லா. மறுநா எங் கடை இருக்க சாலைக் கம்போளத்துல டீ குடிக்க வந்தவன் பூரா எம் மொகத்தப் பாக்கான். நான்தான் லாரி ஓட்டின மாதிரி. நியூசிலாந்துல பள்ளிவாசலுக்குள்ள நொழஞ்சு தொழுதுக்கிட்டு நின்னவனச் சுட்டானே ஒருத்தன், அன்னைக்கு நான் நந்தன்கோட்டுக்கு வந்து ஒங்க வீட்டு வாசல்ல நின்னு பதில் கேட்டனா?

— அவன் சபைக்குப் போற வேதக்காரனா? அவன் கிறுக்கன்.

— அதைத்தான் சொல்லுதேன். வெள்ளக்காரன் சுட்டா கிறுக்கன். எங்காளு சுட்டா மார்க்கம்.

— பின்னே? உங்களுக்க ஆளு தெய்வத்துக்க பேரச் சொல்லிட்டுல்லா செய்யுகான். எங்க கர்த்தர் வாள உறையில போடுன்னு சொன்னவரு.

— உறையில போடச் சொன்னவரு பேரச் சொல்லி எத்தன பேரு உருவினான்? நீங்க சரித்திர டீச்சருல்லா, நீங்களே சொல்லுங்க.

— சிலுவைப் போரு நான் எடுக்காத பாடமா? அது பழங்கதை, சாயிபு.

— ஒங்களுதுன்னா பழங்கதை. எங்களுதுன்னா பழக்கம்.

— வாயி நல்லாத்தான் இருக்கு. ஒரு வாத்தியாருக்க கைய வெட்டினது யாரு? நபியப் பழிச்சாருன்னு, கேள்வித்தாள்ல ஒரு வரி எழுதினதுக்கு? அதும் பழங்கதையா? நம்ம கேரளத்துலதானே? சொல்லுங்க.

— எங்காளுகதான். நான் ஏன் மறைக்கணும்? அன்னைக்குக் கடையத் தெறக்கல. எம் பொஞ்சாதி கேட்டா, “நீங்க என்ன செஞ்சிய, நீங்க ஏன் கடையடைக்கணும்”னு. வெக்கமா இருந்துச்சு, டீச்சரே. ஒரு வாத்தியாரு கை.

— ம்.

— ஆனா ஒண்ணு கேக்கேன். கை போயி ஆசுபத்திரியில கெடந்த மனுசன வேலையவிட்டு எடுத்தது யாரு? இப்போ நீங்க சொல்லுங்க.

— எங்க ஆளுக. அவங்க நடத்துன காலேஜு. ஆனாலும் ரெண்டும் ஒண்ணில்ல. வெட்டினது வெட்டினதுதான்.

— ஒண்ணுன்னு யாரு சொன்னா? கையும் போயி, சோறும் போயி நின்ன மனுசன்கிட்ட போயி எந்த வேதம் சாந்தமானதுன்னு கேட்டா என்ன சொல்லுவாரோன்னு எனக்கு ஒரு நெனப்பு. அவ்வளவுதான்.

— சத்தியதாஸ் இருந்திருந்தா உங்களுக்கு நல்ல மறுபடி சொல்லியிருப்பாரு. எனக்கு வருகில்ல.

— ஒங்க வீட்டுக்காரரு மறுபடி எனக்குத் தெரியும். போலீசுல மனு குடுத்தாருல்லா. “என் மகளை மயக்கி மதம் மாத்த வெளிநாடு கொண்டுபோறான்.” ரெண்டு போலீசு கடைக்கு வந்தான். “எந்த இயக்கம்?”ங்கான். பிளாஸ்டிக் யாவாரம் பண்ணுதவனுக்கு என்ன இயக்கம்? குடத்தயெல்லாம் கவுத்துப் பாத்தான். பக்கத்துக் கடை நெல்லையப்பன் மட்டும் வந்து, “சார், இவரு கடைத்தெருச் சண்டைக்கே போமாட்டாரு”ன்னு சொன்னாரு. மத்தவன்லாம் வேடிக்கை.

— அவ மதம் மாறினாளா?

— எங்க மாறினா? ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டுதுக. அதுக்கு எங்க ஜமாஅத்துல என்னைய விளிச்சு நிறுத்தினாங்க. “மருமவ கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வராம எப்பிடி நிக்காஹ், எப்பிடி உறவு?”ன்னு. நான் சொன்னேன், “அந்தப் பிள்ள வேதம் அதுக்கு, எனக்கு எம் மவன் போதும்”னு. அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரல. எம் பொஞ்சாதி மௌத்தானப்போ சட்டுன்னு வந்து தூக்கி அடக்கிட்டுப் போனாங்க. குத்தம் சொல்லல. ஆனா மூணாம் நாள் எங்கூட உக்காந்து ஒரு டீ குடிக்க ஆளில்ல.

— எனக்குத் திருவிருந்து தரல்ல.

— என்ன சொன்னிய?

— சபையில. அப்பமும் ரசமும். மோளு மனந்திரும்பி வரது வரைக்கும் தாய்க்குத் திருவிருந்து இல்லைன்னு கமிட்டி தீர்மானம். சத்தியதாஸ் அந்தக் கமிட்டியில இருந்தாரு. அவரே கைய தூக்கினாரு.

— படச்சவனே. ஒங்க வீட்டுக்காரரா?

— பின்னே யாரு? எல்லாரும் முன்னே போவும்போ நான் பெஞ்சில உக்காந்திருப்பேன். பக்கத்துல இருக்கியவ காலை ஒதுக்கி வழிவிடுவா, நான் எழும்ப மாட்டேன், அவ அப்படியே தாண்டிப் போவா. வெட்டல்ல, குத்தல்ல. யாரும் அதை வன்முறைன்னு பத்திரிகையில போட மாட்டான். சத்தியதாஸ் மரிச்ச அன்னைக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில ஒருத்தரு நின்னாரு. சபைக்காரன் வந்து எனக்க காதுல பறஞ்சான், “சாயிபு வேவு பாக்க ஆளு விட்டிருக்கான்”னு. அது யாரு?

— ஆளு விடல. நான்தான். உள்ள வந்தா நீங்க விரட்டுவியளோன்னு அங்கனயே நின்னேன்.

— விரட்டியிருப்பேன்.

— தெரியும். அதான் நின்னேன்.

— குடை கூட இல்லாம.

— விடுங்க. இப்போ பிள்ள எங்க போவுது, அதைச் சொல்லுங்க.

— மீன்கறி வச்சாச்சேன்னுல்லா சொல்லுகேன்.

— சரி. இன்னைக்கு மத்தியானம் ஒங்க வீடு. நாளைக்கு எங்க வீடு.

— நாளைக்கு நானும் கூட வருவேன். பிள்ளய ஒத்தைக்கு விடமாட்டேன்.

— வாங்க. ரோஸ் நாற்காலியில நீங்க உக்கார முடியாது, பெரிய நாற்காலியும் கடையில இருக்கு.

— பேடியில்லாம வரலாமா?

— எங்கிட்ட கத்தி உண்டு. வெங்காயம் நறுக்க. அதும் மொண்ணை.

— அய்யோ கர்த்தாவே. சிரிக்க வைக்காதிய, எனக்கு இழுப்பு வரும்.

— நீங்க சிரிச்சு இப்பத்தான் பாக்கேன். சாலைக் கம்போளத்துல எங் கடைக்கு முன்னால சண்டைக்கு வந்து நின்னியள்லா நீங்களும் வீட்டுக்காரரும், அன்னைக்கு ஒங்க மொகம் மண்பானை மாதிரி இருந்துச்சு.

— அன்னைக்கு சத்தியதாஸ் நின்ன நிப்பு ஓர்மை இருக்கா? இந்தா, இப்பிடி. கைய மேல தூக்கி, “சாத்தானே! எனக்க மோள விடு!”ன்னு.

— அவரு கைய அம்புட்டு தூக்கல. இன்னும் மேல. பைபிள் வேற இருந்துச்சு கையில.

— இப்பிடியா? “சாத்தானே!”

— ஆங், அதேதான்! நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கையில கெடச்சது பாத்ரூம் மக்கு. அதை இப்பிடி ஓங்கிக்கிட்டு, “யாருல சாத்தான்? நீருதாம்வே சாத்தான்!”

— பச்சை மக்கு! ஒரு சாத்தானுக்கு பைபிளு, ஒரு சாத்தானுக்கு மக்கு! மெல்ல, சாயிபு, ஆளுக பாக்குகு.

— பாக்கட்டுமே. “யாருல சாத்தான்?”

— “நீதாம்லே!” அய்யோ, எனக்கு வயிறு நோவுது. நிறுத்துங்க. போனு அடிக்குகு பாருங்க. ஆர்ஷாவாக்கும்.

— எடுங்க, எடுங்க. பெட்டி வந்திருக்கும்.

— விளிக்கல்ல. வாய்ஸ் விட்டிருக்கா. இந்த இரைச்சலுல கேக்காது, உரக்க வைக்கேன். நீங்களும் கிட்ட வாங்க.

— “அம்மா, நானாக்கும். நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கொறச்சு நேரமா நிக்கோம். உங்க ரெண்டு பேரையும் வேணும்னே தான் வரச்சொன்னோம். நீங்க ஒண்ணா நின்னா இனி எல்லாம் சரியாயிரும்னு நிஸ்தார் சொன்னான். நானும் நம்பினேன். சத்தம் கேக்கல்ல, ஆனா கண்டோம்மா. நீங்களும் வாப்பாவும் கைய ஓங்கிட்டு நிக்கிறத. நைலா பேடிச்சுப் போயி என் பின்னால ஒளிஞ்சிட்டா. அவளை இதெல்லாம் அறியாமத்தான் வளத்துருக்கோம். நாங்க வேற வாசல் வழி டாக்சி எடுத்துட்டோம். கோவளத்துல ரூம் உண்டு. விளிக்க வேண்டாம்மா. பிளீஸ்.”

— கூப்பிடுங்க, டீச்சரே. ஒடனே கூப்பிடுங்க. சண்டையில்லைன்னு சொல்லுங்க.

— அடிக்கேன். ஸ்விட்ச் ஆஃப்.

— இருங்க, நான் அவனுக்குப் போடுதேன். இவனும் ஆஃப். வாய்ஸ் விடுங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தோம்னு சொல்லுங்க.

— சொன்னா நம்புவாளா?

— நான்னா நம்ப மாட்டேன். சொல்ல வேண்டாம். சிரிங்க. நாம சிரிக்கிற சத்தத்த அனுப்புவோம். நான் பட்டன அமுக்குதேன், சிரிங்க, டீச்சரே.

— எனக்கு வருகில்ல. நீங்க சிரிங்க, சம்பந்தி.