பூங்குழலி இன்னும் வெல்லவில்லை

விழாத் தலைவர் அவர்களே, தோல் மணக்கும் கைகளோடு ஆலையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே, பாலாற்றங்கரைப் பெரியோர்களே, பெற்றுப் பேணி வளர்த்த தாய்மார்களே, வணக்கம்!

"புற்றை வென்ற பூங்குழலிக்குப் பாராட்டு விழா." ஆம்பூர் முழுக்கச் சுவரொட்டி. பேருந்து நிலையத்திலே, பிரியாணிக் கடை வாசலிலே, அவர் காலணி தைத்த ஆலையின் சுவரிலே! நான் கேட்கிறேன்: வென்றார் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

கைதட்டாதீர்கள். இது கைதட்டும் இடமல்ல.

நிணநீர்ச் சுரப்பிகளில் வந்த புற்று அது, வெறிகொண்ட வகை. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வேலூரிலே மருத்துவர்கள், பூங்குழலியின் குருதியிலிருந்தே காவல் அணுக்களைப் பிரித்தார்கள். பகை எது என்று பயிற்றினார்கள். படை திரட்டி மீண்டும் அவர் உடலுக்குள்ளேயே ஏவினார்கள். கட்டி கரைந்தது. நீங்கள் பட்டாசு வெடித்தீர்கள்!

மருத்துவர் வெடித்தாரா? இல்லை. இது திரும்பி வரக்கூடிய வகை. அடங்கியிருக்கும் போதே, பொருந்துகிற உடன்பிறப்பின் குருத்தணுக்களை, புதுக் குருதியை உண்டாக்கும் அணுக்களை, ஏற்றிவிட வேண்டும். மீண்டும் தலைதூக்கினால் அந்த வாய்ப்பே கிடைக்காமல் போகலாம் என்றார்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறார், பூங்குழலி எங்கே என்று. ஐயா, எதிர்ப்பாற்றல் இழந்த உடம்பு அது. இந்தக் கூட்டத்தில் ஒரு தும்மல் போதும், அவரைச் சாய்க்க. இதுகூடத் தெரியாமலா மாலை வாங்கி வைத்தீர்கள்?

அந்தக் குருத்தணு பொருந்தியது ஒருவருக்கே. தம்பி புகழேந்தி, சோலையார்பேட்டையில் தொடர்வண்டித் தொழிலாளி. எலும்பைத் துளைப்பார்கள், இடுப்பு ஒடியும் என்று வீட்டிலே அச்சுறுத்தினார்கள். கையில் ஊசியேற்றிக் குருதியெடுத்து, குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உமக்கே திருப்பித் தருவோம் என்று மருத்துவர் விளக்கியதும் தேறினார். வருகிறேன் என்றார். அப்போது போய்ச் சேர்ந்தது உங்கள் சுவரொட்டி! உடனே அக்காளை அழைத்துக் கேட்டாராம்:

"நீ ஜெயிச்சிட்டன்னு ஊரே ஒட்டி வச்சிருக்குதே அக்கா. இன்னும் நான் இன்னாத்துக்கு?"

அவர் அச்சத்துக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதை வண்ணத்திலே அச்சடித்துக் கொடுத்தீர்கள்!

அக்காளுக்கான பொன்னாடையைப் பெற்றுக்கொள்ள, அதோ, அந்தத் தம்பிதான் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதை அணிவிக்கத்தான் என்னை அழைத்தீர்கள். அணிவிக்க மாட்டேன்! தலைவர் என் சட்டையை இழுக்கிறார். இழுக்கட்டும்.

இன்று மாலை, நான் இங்கே புறப்படுமுன், பூங்குழலி என்னோடு தொலைபேசியில் பேசினார். "மேடையில அவன வையாதீங்க ஐயா. சின்னதுலர்ந்தே ஊசின்னா பயம். கெஞ்சினா வருவான்" என்றார். சாவின் வாசலில் நிற்பவர், தம்பியின் மானத்துக்காக மன்றாடுகிறார்!

தம்பி புகழேந்தி, ஆலை முதலாளிகளிடம் கெஞ்சாத நாக்கு இது. ஆட்சியாளர்களிடம் கெஞ்சாத நாக்கு இது. உங்களிடம் கெஞ்சுகிறது. பொன்னாடைக்குத் தோளைக் கொடுக்க வந்தீர்களே, ஊசிக்குக் கையைக் கொடுங்கள். நோய் உறங்குகிறது; அது விழிப்பதற்குள் கொடுங்கள்!

அடுத்தது நன்றியுரை என்கிறார்கள். இந்த மன்றத்தில் நான் நன்றி சொல்ல ஒருவர்தான் உண்டு. அவர் இன்னும் இருக்கையை விட்டு எழவில்லை.

வணக்கம்.