தண்ணீர் கொண்டுவரப் போனவர்

கரண்ட் வருகிறபோது வரட்டும். சிட்னியில் இந்தப் பென்டில் ஹில் முழுக்க இருட்டு, நாம் மட்டும் என்ன செய்துவிட முடியும்? சிவாஜினி, உங்கள் மெழுகுவர்த்தியைக் நாற்காலிக்குக் கீழே வைக்காதீர்கள், கம்பளம் பற்றிக்கொள்ளும். ரதி, நீ இந்தப் பக்கம் வந்து உட்கார். இது உன் தாய்மாமன் மோகனதாஸ் கதை. ஏதாவது கூட்டிச் சொன்னால் அங்கேயே என் வாயை அடைத்துவிடு.

அதிகாலை மூன்று பத்து... ஏப்ரல் இருபத்தைந்து, நாலு வருஷத்துக்கு முன்னால். மோகனதாஸ் செவன் ஹில்ஸில் ஒரு குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறார். வழக்கமான ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் பிராஸ்பெக்ட் நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் சுற்றிப் போகிற ரோடு. ஒரு பக்கம் கம்பி வேலி. மறுபக்கம் மரங்கள். விளக்கு கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. தூக்கம் அசத்தாமல் இருக்கக் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்.

முதலில் வந்தது வாசனைதான். கொஞ்சம் புளித்த வாடை, கொஞ்சம் விறகுப் புகை... மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலேசியாவில் தோட்டத்தில் பிறந்தவர் அந்த வாசனையைச் சாகிறவரை மறக்க மாட்டார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடும் கொட்டகையின் வாசனை. சிட்னியில் எங்கே ரப்பர் மரம்?

வேலிக் கம்பத்தில் சாய்ந்து ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்காரன், இருபது வயசு இருந்தால் அதிகம். காக்கி உடுப்பு, ஒரு பக்கம் மடக்கிய தொப்பி. மோகனதாஸ் பயப்படவில்லை. ஏன் பயப்பட வேண்டும்? அன்று ஆன்சாக் தினம். போரில் செத்தவர்களுக்கு விடிவதற்கு முன்னாலேயே அஞ்சலி செய்கிற நாள். தாத்தாவின் உடுப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, வழியில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று நினைத்தார். நல்ல மனிதர். காரை நிறுத்தி இறங்கினார்.

"யூ ஓகே, மேட்?"

பையனின் உதடு வெடித்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தான். தலையை மெல்ல நிமிர்த்தினான்.

"தண்ணி..." என்றான்.

தமிழில்தான். ஆமாம், சிரியுங்கள். மோகனதாஸுக்கும் சிரிப்புதான் வந்தது. பயலுக்கு நம் பெண் யாரோ சிநேகிதி போலிருக்கிறது என்று நினைத்தார். காரில் பாட்டிலை எடுத்துப் பார்த்தால் காலி. ஐந்து நிமிஷ ஓட்டத்தில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் இருந்தது. பையன் பக்கத்தில் வந்து குனிந்து, நாமெல்லாம் வாய்ப் பழக்கத்தில் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"இருப்பா, போயிட்டு வர்றேன்."

பையன் முகம் மாறிப்போனது. கை வயிற்றிலிருந்து பாய்ந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தது. "நோ, மேட்... நோ போயிட்டு வர்றேன். ப்ளீஸ்... நோ போயிட்டு வர்றேன்." அந்த வார்த்தையை அவன் தெளிவாகச் சொன்னான். சொல்லிச் சொல்லி அழுதான். குழந்தை அழுகிற மாதிரி மூக்கு ஒழுக அழுதான். மோகனதாஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்பா" என்று ஓடினார்.

பெட்ரோல் ஸ்டேஷனில் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கினார். வெளியே வந்து கார்க் கதவில் கை வைத்தபோதுதான் அப்பா நினைவுக்கு வந்தார்.

அவர் அப்பா மலேசியாவில் கெமாஸ் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர், எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படியொரு கதையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மகனிடம் சொன்னார். மோகனதாஸ் இந்த நாட்டுக்குப் படிக்க விமானம் ஏறுகிறதற்கு முந்தின ராத்திரி. நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாசம், அப்பாவுக்குப் பதினெட்டு வயசு. ஒரு பக்கம் வெள்ளைக்காரன் சாம்ராஜ்யம், மறுபக்கம் ஜப்பான்காரன் சாம்ராஜ்யம். இரண்டும் மோதிக்கொள்ளக் கிடைத்தது இவர்கள் தோட்டத்து ஓடைப் பாலம். ஆஸ்திரேலியப் பையன்கள் மரத்துக்கு மரம் பதுங்கியிருந்தார்கள். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான், நூறு பேர், இருநூறு பேர். பாலத்தை வெடிவைத்துத் தூக்கினார்கள். இரண்டு மணி நேரம் சண்டை. பிறகு ஆஸ்திரேலியர்கள் பின்வாங்கிவிட்டார்கள். சரித்திரத்தில் அரை வரி பெறாத சண்டை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டச் சனங்கள் மூன்று நாள் பிணம் புதைத்தார்கள்.

அன்று சாயங்காலம், வயிற்றில் குண்டு பட்டு ஒருவன் மரங்களுக்குள் கிடந்தான். அப்பா அவனைத் தோளில் தூக்கிப்போய்ப் புகைக் கொட்டகையில் படுக்கவைத்தார். அவன் தண்ணீர் கேட்டான். அப்பாவுக்குப் புரியவில்லை. வாயருகே கையைக் குவித்துக் காட்டினான். "தண்ணியா?" என்று அப்பா கேட்டார். "தண்ணி" என்று அவனும் சொன்னான். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா லயத்துக்கு ஓடினார்.

தகரக் குவளையில் மொண்டுகொண்டு திரும்பும்போது ரோட்டில் அந்தச் சத்தம். டயர் கிழிந்த சைக்கிள்கள். வெறும் இரும்பு ரிம் தாரில் உருளுகிற சத்தம்... கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்... நூற்றுக்கணக்கில். அப்பாவின் கால் நகரவில்லை. கொட்டகைக்குப் பத்தடி இருக்கும், வாழைக்குப் பின்னால் குவளையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார். உள்ளே அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நடுச்சாமத்துக்குப் பிறகு கூப்பிடவில்லை. மறு வருஷம் ஜப்பான்காரன் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். வலது கால் பெருவிரலை அங்கே புண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "என் வெரலு போனதுக்கு நான் அழுவல, தாஸு. அவனுக்குத் தண்ணி குடுக்காம நின்னுட்டேன்டா" என்று சொல்லித்தான் அழுதார்.

இதெல்லாம் கார்க் கதவில் கை வைத்த மாத்திரத்தில் வந்து போனது. சரி, பேயோ பிசாசோ, அப்பா செய்யாததை நான் செய்துவிடுகிறேன் என்று மோகனதாஸ் காரில் ஏறினார். சாவியைத் திருப்பினார்.

அப்போது... ரோட்டில்... கர்ர்ர்ர். கர்ர்ர்ர்.

வலமிருந்து வந்தது. அவர் முன்னால் கடந்தது. இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ரோடு காலி. இரண்டு பாட்டிலையும் மடியில் இறுக்கிக்கொண்டு, வெள்ளி முளைத்து, விடிந்து, பால் வண்டி வருகிறவரை மோகனதாஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெளிச்சத்தில் போய்ப் பார்த்தார். கம்பத்தடியில் புல் மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கிக் கிடந்தது.

"செத்த வீட்டில எங்கட ஆக்கள் 'போட்டு வாறன்' எண்டு சொல்ல மாட்டினம்" என்கிறார் சிவாஜினி, குரலைத் தாழ்த்தி. "பேசாம எழும்பிப் போவினம்."

அதுதான் அம்மா, அதே 'போயிட்டு வர்றேன்'தான். நம் வாய்க்கு அந்தச் சொல் மூச்சு மாதிரி. செத்தவனிடம் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். செத்தவன் என்று தெரியாமல் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்பாவும் மகனும் ஒரே பையனிடம் ஒரே வார்த்தையைச் சொல்லி ஏமாற்றிவிட்டார்களே! அந்த மனுஷனுக்கு அதற்கப்புறம் தூக்கம் ஏது?

மறு வருஷத்திலிருந்து ஏப்ரல் இருபத்தைந்து வந்தால் மோகனதாஸ் அங்கே போய்விடுவார். மூன்று மணிக்கு முன்னாலேயே போய், கம்பத்தடியில் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து வைப்பார். காரில் உட்கார்ந்திருப்பார். மூன்று பத்துக்கு வாசனை வரும். பையன் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல், செத்த வீட்டிலிருந்து புறப்படுகிற மாதிரி எழுந்து வந்துவிடுவார். பாட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒரு சொட்டுக் குறையாது.

ஆனால் முதல் வருஷமே புழுதியில் காலடி இருந்தது. மரங்களுக்குள்ளிருந்து வந்த வெறுங்கால். வலது காலில் பெருவிரல் இல்லை. கம்பத்துக்குப் பத்தடி இருக்கும்போது நின்று, திரும்பிப் போயிருந்தது.

அடுத்த வருஷம் அடைமழை, ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் ஒன்பதடியில் நின்றிருந்தது.

மோகனதாஸுக்கு இப்போது அறுபது வயசு, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். "எனக்கப்புறம் நீ தண்ணி வைப்பியா, ரதி? தாத்தா வந்து சேர்ற வரைக்கும்?" என்று கேட்டார். இந்த ஏப்ரலில் இவளையும் கூட்டிக்கொண்டு போனார். என்ன ரதி, நான் சொன்னதில் ஏதாவது கூட்டல் உண்டா?

ரதி மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல அங்கிள்" என்கிறாள். "எட்டடி. நான்தான் டார்ச் அடிச்சேன். ஆனா நீங்க ஒண்ணு விட்டுட்டீங்க. காலடிக்குப் பக்கத்துலயே சொட்டு சொட்டா தண்ணி சிந்தியிருந்துச்சு, வழி நெடுக. குவளை தளும்பியிருக்கும்போல. அவரு நின்ன எடத்துல மட்டும்... மண்ணு சேறாயிருந்துச்சு அங்கிள். ரொம்ப நேரம் நின்னிருக்காரு."