லைசென்சு இல்லாமல் பரளச்சி பஸ்ஸை ஓட்டி வந்த விவரம்

இராமநாதபுரம் ஜில்லா, அருப்புக்கோட்டை போலீஸ் நிலையத்தில் 1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி காலையில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரித்து, ஏட்டு எழுதிக்கொண்டது.

என் பெயர் யாக்கோபு. தகப்பனார் பெயர் தேவசகாயம். வயது முப்பத்தாறு. கிறிஸ்தவன். பரளச்சியில் வேதக்கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். மனைவி இன்பராணி, பெண் குழந்தைகள் இரண்டு. தொழில் மோட்டார் டிரைவர். லைசென்சு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால், தற்சமயம் நான் ஓட்டிவந்த அதே பஸ்ஸில் கரி உலை பார்க்கும் கூலி வேலை செய்து வருகிறேன்.

மேற்படி பஸ் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் போய்த் திரும்புவது. சண்டை வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு, வண்டியின் பின்புறம் கரி உலை வைத்து, அதில் உண்டாகும் வாயுவை அடித்தட்டுக்குக் கீழே குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். முதலாளி மதுரையில் இருக்கிறார். இங்கே எல்லாவற்றையும் பார்ப்பவர் ஏஜெண்டு சீனிச்சாமி. ஆள் ஏற்றச் சொல்வதும் அவர்தான்.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதாக என் பேரில் மூன்று தடவை வழக்கு ஆனது. மூன்று தடவையும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி ஏஜெண்டு சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன். அபராதத்தை முதலாளி கட்டினார். ஆனால் தண்டனை விவரத்தை என் லைசென்சின் பின்பக்கத்தில் எழுதினார்கள். முதலாளிக்கு அப்படி எழுதுவதற்கு ஒன்றும் கிடையாது. மூன்றாவது எழுத்து விழுந்த பிறகு, லைசென்சை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று போலீஸ் மேலிடத்திலிருந்து எனக்குத் தாக்கீது வந்தது. ஆள் ஏற்றியது நான் இல்லை, ஏஜெண்டு என்று மனுப் போட்டேன். வண்டியை ஓட்டுகிறவரே பொறுப்பாளி என்று பதில் வந்தது. லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் ஸ்டீரிங்கைத் தொட்டால் லைசென்சு திரும்பக் கிடைக்காது என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆவணி பிறந்ததும் போய் வாங்கிக்கொள்ள வேண்டியது. என் மனைவி பருத்தி நிலம் வைத்திருப்பவர்களிடம் கூலிக்குப் போய் இந்த மாதங்களை ஓட்டினாள்.

எனக்குப் பதிலாக காளிராஜ் என்பவரை டிரைவராக வைத்தார்கள். அவர் பந்தல்குடிப் பக்கத்தவர், என்னைவிட இளையவர். முதல் நாள் நான் உலைக்குக் கரி போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "அண்ணே, அது ஒங்க சீட்டு. ஒங்க லைசென்சு வர்ற வரைக்கும் சும்மா காவலுக்கு உக்காந்திருக்கேன்னு வச்சுக்கிடுங்க" என்றார். அவருக்கும் எனக்கும் விரோதம் எதுவும் கிடையாது.

ஆடி பிறந்த பிறகு, டிரைவர் காலுக்குக் கீழே குழாய் சேரும் இடத்தில் வெடிப்பு விட்டு வாயு கசிந்தது. அதற்கு வாடை அவ்வளவாக இல்லாததால் ஆளுக்குத் தெரியாது, தலைவலிதான் வரும். காளிராஜ் தலை வலிக்கிறது என்று சொன்ன அன்றே நான் கீழே படுத்துப் பார்த்து ஏஜெண்டிடம் சொன்னேன். அவர், "களிமண்ணை அப்பி விடுறா. விருதுநகர்ல ஒர்க்‌ஷாப்ல விட்டா ரெண்டு நாள் வண்டி நிக்கும், அந்த வரும்படிய நீயா தருவ?" என்றார். களிமண் அப்பினேன். குலுங்கலில் அது தினமும் உதிர்ந்தது. கண்டக்டர் வீரணனுக்கும் இது தெரியும்.

நேற்று காலை பரளச்சியிலிருந்து புறப்பட்டோம். காற்று பலமாக அடித்து மண்ணை வாரி இறைத்ததால், பிரயாணிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி விட்டிருந்தது. பாதி வழியில் வண்டி ரோட்டை விட்டு இறங்கி கரிசல் காட்டுக்குள் போய் நின்றது. நான் பின்னாலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். காளிராஜ் ஸ்டீரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு நானும் வீரணனும் அவரை வெளியே தூக்கிக் காற்றுப்படக் கிடத்தி, தண்ணீர் தெளித்தோம். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை.

பக்கத்தில் ஊர் எதுவும் இல்லை. மாட்டு வண்டி பிடிக்க வேண்டுமானால் வெகுதூரம் போய்க் கேட்க வேண்டும், அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். வேறு மோட்டார் வருகிறதா என்று ரோட்டில் நின்று பார்த்தேன். மண் பறந்ததைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிரயாணிகளில் பருத்தி தரகர் ஒருவர், "இவனுக்கு லைசென்சே கெடையாது. இவன் ஓட்டுனா நான் ஏற மாட்டேன்" என்று சொல்லி இறங்கி நின்றுகொண்டார். வீரணன் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், "ஆவணிக்கு இன்னும் எத்தன நாளு கெடக்கு? ஒம் பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாருலே" என்றான். நான் நினைத்துப் பார்த்தேன். அப்போது காளிராஜுக்கு மூச்சு இழுக்கும்போது தொண்டையில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

அதன் பிறகு நான் வண்டிக்குக் கீழே போய், என் வேட்டியைக் கிழித்து நனைத்து குழாய் வெடிப்பில் சுற்றினேன். குழாய் கொதித்துக்கொண்டிருந்ததால் வலது உள்ளங்கை தோல் அதோடு போய்விட்டது. படுதாக்களை அறுத்துப் போட்டோம். காளிராஜைப் பின் வாசல் ஓரமாகக் காற்றுப் படும்படி கிடத்தி, ஒரு அம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீரணன் உலையைப் பார்த்துக்கொண்டான். நான் தலையை வெளியே நீட்டியபடியே வண்டியை ஓட்டி வந்தேன். யாரும் என்னை ஓட்டச் சொல்லவில்லை, என் மனதறிய ஓட்டினேன்.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் கான்ஸ்டபிள் கை காட்டி நிறுத்தி லைசென்சு கேட்டார். "லைசென்சு ஒங்க ஆபீசுலதான் இருக்கு. இவரை எறக்கிட்டு நானே டேசனுக்கு வாரேன்" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் ஏறி நின்று கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். காளிராஜை உள்ளே கொண்டுபோன பிறகு, நான் சொன்னபடி நடந்தே நிலையத்துக்கு வந்து ஆஜரானேன். என்னைக் காவலில் வைத்தார்கள்.

சாயங்காலம், கைப்புண்ணுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்கு என்னைக் கான்ஸ்டபிளோடு அனுப்பினார்கள். காளிராஜ் கண் திறக்காமலே இறந்துபோனதாக அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர் மனைவி சோலையம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி. அழவில்லை. என்னைப் பார்த்து, "ஒலை பாக்குறது நீங்கதான அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 

திரும்பி வந்த பிறகு ஏஜெண்டு சீனிச்சாமி என்னைப் பார்க்க வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகப் பேசினார். "லைசென்சு இல்லாம ஓட்டுனேன்னு ஒத்துக்க. அவராதத்த எப்பவும் போல முதலாளி கட்டிருவாக. கொழாயப் பத்தி வாயத் தொறக்காத, காளிராஜுக்குக் காய்ச்சல் இருந்துச்சுன்னு சொல்லிருவோம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "அப்ப வேலை போன வயித்தெரிச்சல்ல நீதான் கொழாயக் கழட்டி விட்டேன்னு எழுதிக் குடுத்துருவேன். கம்பி எண்ணுவ" என்று சொல்லிப் போனார். அவர் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பதாக இன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சொல்லி, அதைப் பற்றிக் கேட்டார்கள்.

அது பொய். குழாயை நான் கழற்றவில்லை. வீரணன் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவனுக்கும் வேலை வேண்டும், அவன் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. லைசென்சு இல்லாமல் ஓட்டியது வாஸ்தவம், அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இனி லைசென்சு எனக்குக் கிடைக்காது என்பதும் தெரியும். ஆனால் காளிராஜைக் கொன்றவன் என்று என் பிள்ளைகள் கேட்கும்படி செய்ய வேண்டாம்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியது. இன்று விடிந்ததும் மேற்படி பஸ்ஸின் ஹாரன் சத்தம் ரோட்டில் கேட்டது. யார் ஓட்டுகிறது என்று பாராக்காரரைக் கேட்டதற்கு, ஏஜெண்டு ஜாமீன் எழுதிக் கொடுத்து வண்டியை எடுத்துப் போய்விட்டதாகவும், செல்லப்பாண்டி என்ற புது டிரைவர் ஓட்டுவதாகவும் சொன்னார். குழாயில் இருப்பது நான் சுற்றிய வேட்டித் துணிதான். அது இதற்குள் கருகியிருக்கும். அறுத்த படுதாவுக்குப் பதில் புதுப் படுதா கட்டியிருக்கிறார்களாம். செல்லப்பாண்டிக்குக் குழாய் விஷயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பஸ் இந்நேரம் பரளச்சியிலிருந்து திரும்பி விருதுநகர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். என்னை எப்போது வேண்டுமானாலும் விசாரிக்கலாம். இதை எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் ஒரு ஆளை சைக்கிளில் அனுப்பி வண்டியை நிறுத்தும்படி சப்-இன்ஸ்பெக்டர் அவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டு எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. பயந்தோ ஆசைப்பட்டோ ஒரு வார்த்தையும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, எல்லாம் சத்தியம்.

வலது கை புண்ணாயிருப்பதால் இடது பெருவிரல் ரேகை: யாக்கோபு.

குறிப்பு: மேற்கண்ட வாக்குமூலத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டு, எழுத்தை இடையில் நிறுத்தி கான்ஸ்டபிள் ஒருவரை சைக்கிளில் அனுப்பியது. குமாரலிங்கபுரத்துக்கு அருகில் பஸ் ரோட்டோரமாக நின்றிருந்தது. டிரைவர் செல்லப்பாண்டி கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு இருந்தது. குழாயையும், அதில் சுற்றியிருந்த கருகிய துணியையும் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றியது. பஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏஜெண்டு சீனிச்சாமியை விசாரணைக்கு அழைத்து வர ஆள் போயிருக்கிறது. லைசென்சு இல்லாமல் ஓட்டிய குற்றத்துக்கு யாக்கோபு பேரில் உள்ள வழக்கு அப்படியே இருக்கிறது.

(ஒப்பம்) சப்-இன்ஸ்பெக்டர்