நான்காம் தடத்தின் இரண்டு மஞ்சள் ஒயர்கள்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மேசைமேல் பள்ளம் வெட்டிய மின்தடத்தில் பொம்மைக் கார் விடுகிறோம் என்று வீட்டில் திட்டு வாங்கியும் வந்து சேர்ந்திருக்கும் பந்தய நண்பர்களே! செயலாளராகப் பேச வந்திருக்கிறேன்.

நம் மீட்டர் அண்ணன் போய்விட்டார். இந்த ஆறு தடங்களுக்கும் மின்சாரம் கொடுத்த ஒயரிங் பொறுப்பாளர் போய்விட்டார்! மீட்டர் வைத்துப் பார்க்காமல் அவர் எதைத் தொட்டார்? வீட்டு டார்ச்சுக்கு பேட்டரி போடும்போதுகூட பிளஸ் எது, மைனஸ் எது என்று இரண்டு முறை பார்ப்பார் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

அவரும் ஒருமுறை தவறினார். மீட்டரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஓட்டை மாற்றிச் செருகிவிட்டார். தடத்தில் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருந்த இணைப்பைச் சரியென்று காட்டியது மீட்டர். விருந்தாளி ஒருவர், காரின் வேகத்தைக் கையில் பிடித்துக் கூட்டிக் குறைக்கும் தன் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரை அந்தத் தடத்தில் மாட்டினார். மாட்டியதும் புகை! நாம் யாராவது அண்ணனைக் குற்றம் சொன்னோமா? இல்லை. அவரே மைக்கைப் பிடித்தார். "தப்பு என்னுதுங்க. இந்தாங்க, என் கன்ட்ரோலர எடுத்துக்கங்க." அன்றிலிருந்து எந்த ஒயரைக் கழற்றி மாட்டினாலும், முதலில் தன் கன்ட்ரோலரைத்தான் செருகுவார்.

போன புதன்கிழமை நான்காம் தடத்தின் பழைய ஒயர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு இழுத்தார். இரண்டும் மஞ்சள். "அடையாளம் நாளைக்குப் போட்டுக்கறேன், மாட்டாதீங்க" என்றார். மறுநாள் காலை அவருக்கு நெஞ்சுவலி.

இன்று அந்த ஒயர்களை மாட்டியவன் நான். மூன்று முறை மீட்டர் வைத்தேன். மீட்டரின் ஒயர்களையே கழற்றிச் செருகி மறுபடி வைத்தேன். சரி என்கிறது. ஆனால் அவரையே ஏமாற்றிய மீட்டர் அல்லவா இது? என்னை விட்டுவைக்குமா?

அண்ணியின் மடியில் இருப்பது, தன்னுடையதை அந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிட்ட பிறகு அண்ணன் தன் கையாலேயே செய்துகொண்ட கன்ட்ரோலர். "அவரு கடைசியா ஒயர் இழுத்த தடத்துல இது ஒரு ரவுண்டு ஓடணும்ப்பா. பாத்துட்டுப் போறேன்" என்று வந்ததுமே சொன்னார். அது கருகினால் நான் எந்த முகத்தோடு அவர் முன் நிற்பேன்?

அண்ணி, கொஞ்சம் பொறுங்கள். இதோ, என் கன்ட்ரோலரை முதலில் செருகுகிறேன். ஒயரைத் தொட்டவன் கன்ட்ரோலர்தான் முதலில்! நான் இருக்கும்வரை இந்த மன்றத்தில் அதுதான் நடக்கும் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நம் மௌன அஞ்சலிக்குக் கடிகாரம் வேண்டாம். நான்காம் தடத்தில் நிற்கும் இந்தக் கார் ஒரு சுற்று வரும்வரை யாரும் பேசாதீர்கள். அது திரும்பி வந்துவிட்டால், அண்ணி, அவருடையதை என் கையில் கொடுங்கள்.