பாதிரியாரின் குரல்

திகாம் பத்துவில் பேருந்து ஏறிய தம்பதி எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மனைவி அவர் முழங்கையை விடவேயில்லை.

"நேத்து கொலை பண்ணுனது நம்ம பாதிரியாரு. உனக்குத் தெரியலையா?" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எந்தப் பாதிரியாருங்க?" என்றார் மனைவி.

"போன மாசம் இங்கிலீஸ் படத்துல பாதிரியாரா வந்தாரே, அந்த வயசான வெள்ளைக்காரரு. அதுக்கு முந்தி ஜட்ஜு, அதுக்கும் முந்தி சமையல்காரரு. மேடையில நடிச்சுப் பழகுன குரலு லா, மறக்குமா?"

"ஐயோ, அவரா! நேத்துப் படத்துல தாடியும் ஒட்டு மூக்குமா, நான் வேற ஆளுன்னுல்ல நெனச்சேன். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா தெரிஞ்சு என்ன புண்ணியம்?"

"என்னைய அவரால ஒரு தடவகூட ஏமாத்த முடியல. பாவம், எவ்வளவு நேரம் உக்காந்து மேக்கப் போட்டிருப்பாரு."

சுங்கைப்பட்டாணி மருத்துவமனை நிறுத்தம் வந்தது. மனைவி எழுந்து அவர் கையைப் பிடித்தார்.

"கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். அப்புறம் நீங்களும் என்னைய மாதிரி அவருகிட்ட ஏமாந்துதான் போவீங்க."

"ஏமாந்துட்டுப் போறேன்" என்றபடி அவர் இறங்கும் படியைக் காலால் தேடினார்.